அம்மாவுக்கு மூட்டு வலி: கைரோபிராக்டரிடம் கூட்டிப் போகலாமா?

தாமிரபரணிக்கரை (பாளையங்கோட்டை)

எல்லாருக்கும் வணக்கம். அம்மாவுக்கு 58 வயசு. முழங்கால் வலி ரொம்ப வருஷமாவே இருக்கு. எக்ஸ்ரே பார்த்து ‘தேய்மானம்’னு சொல்லி வலி மாத்திரை எழுதிக் கொடுத்தாங்க, அப்படியே காலம் ஓடிக்கிட்டு இருந்துச்சு. இப்போ நாலஞ்சு மாசமா விரல் கணு, மணிக்கட்டு எல்லாம் சேர்ந்துக்கிச்சு. காலையில சேலைக்குக் கொசுவம் பிடிக்க முடியலங்காங்க. கழுத்தும் இறுகிப்போய் இருக்கு.

ஊர்ல புதுசா ஒரு கைரோபிராக்டிக் சென்டர், அதாவது முதுகெலும்பையும் மூட்டையும் கையால அழுத்தித் திருப்பி வைத்தியம் பண்ற இடம், திறந்திருக்காங்க. அம்மா போன்ல அந்த ‘டக் டக்’ வீடியோவா பார்த்துட்டு, “ஒரு தடவ போய்ட்டு வந்துருவோமா”ன்னு கேக்காங்க. நான் விசாரிச்சேன். கழுத்துல ஆரம்பிச்சு இடுப்பு வரைக்கும் அலைன்மென்ட் பண்ணுவோம், பத்துப் பன்னிரண்டு சிட்டிங் ஆகும், மொத்தமா கட்டினா தள்ளுபடின்னாங்க. பழைய எக்ஸ்ரே, ரத்தப் பரிசோதனை எதையும் கேக்கல. யாராவது போயிருந்தா சொல்லுங்க.

மதுர_மாறன் (மதுரை)

தாராளமா கூட்டிட்டுப் போங்க பாஸ். நான் மெடிக்கல் ரெப். நாள் பூரா பைக்தான். இடுப்பு பிடிச்சு, குனிஞ்சா நிமிர முடியாமக் கிடந்தேன். ஒருத்தர் கவுந்து படுக்க வச்சு ரெண்டு அமுக்கு, ஒருக்களிச்சு ஒரு திருப்பு. சொன்னா நம்ப மாட்டீங்க, எந்திரிச்சு நானே வண்டி ஓட்டிட்டு வீட்டுக்கு வந்தேன். வலி மாத்திரையா முழுங்கி வயித்துப் புண்ணும் கிட்னியும் போறதுக்கு இது எவ்வளவோ மேல். மாத்திரை விக்கிறவனே சொல்றேன், கேட்டுக்குங்க.

முரண்தொடை

மாறன், உங்க இடுப்பு சரியானதுல சந்தோஷம். ஆனா ‘அலைன்மென்ட்’ங்கிற பேச்சு எங்கிருந்து வந்துச்சுன்னு தெரிஞ்சுக்கணும்.

1895-ல் அமெரிக்காவுல அயோவா மாநிலத்து டேவன்போர்ட் ஊர்ல டி.டி. பால்மர்னு ஒருத்தர். அதுக்கு முன்னாடி காந்த வைத்தியம் பண்ணிக்கிட்டு இருந்தவர். அவர் இருந்த கட்டடத்துல துப்புரவு வேலை பார்த்த ஹார்வி லில்லார்டுக்குக் காது மந்தம். முதுகெலும்புல துருத்திக்கிட்டிருந்த ஒரு கணுவைத் தட்டி உள்ளே தள்ளினதும் காது கேட்டுச்சுன்னு பால்மர் சொன்னார். காது நரம்பு மூளையிலிருந்து மண்டையோட்டுக்குள்ளேயே காதுக்குப் போயிடும். முதுகுப் பக்கமே வராது. அதெல்லாம் அவருக்குத் தடையா இல்ல. நூத்துக்கு 95 நோய் முதுகெலும்பு விலகுறதாலதான்னு 1910-ல் புத்தகமே எழுதினார். அந்த ‘விலகலை’ யாரும் எக்ஸ்ரேயில உறுதியாக் காட்டினது கிடையாது. கைரோபிராக்டர்கள்லயே சில பேர் இப்ப அதைப் பேசுறதில்ல, சில பேர் அதை வச்சுத்தான் பேக்கேஜ் விக்கிறாங்க.

அப்புறம் அந்த ‘டக்’. எலும்பு இடத்துல போய் உக்கார்ற சத்தம் இல்ல அது. மூட்டுக்குள்ள இருக்கிற திரவத்துல அழுத்தம் சட்டுனு குறைஞ்சு வாயுக்குழி உண்டாகிற சத்தம். கனடாவுல ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்துக்காரங்க விரலை எம்ஆர்ஐ மெஷினுக்குள்ள வச்சு இழுத்து, 2015-ல் படமாவே காட்டிட்டாங்க. சொடக்கு எடுத்தா வாதம் வரும்னு பாட்டிமார் சொல்றதும் தப்பு. டொனால்ட் அங்கர்னு ஒரு அமெரிக்க டாக்டர் 60 வருஷத்துக்கு மேல இடது கையில மட்டும் சொடக்கு எடுத்து, வலது கையோட ஒப்பிட்டுப் பார்த்தார். ரெண்டு கையிலயும் வாதம் இல்ல. 2009-ல் அதுக்கு இக் நோபல் பரிசு, அதாவது சிரிக்க வச்சு யோசிக்கவும் வைக்கிற ஆய்வுகளுக்கான பரிசு, கொடுத்தாங்க. சத்தத்தால கெடுதலும் இல்ல, நல்லதும் இல்ல.

சரவாங்கிக்காரி (சென்னை)

தம்பி பாளையங்கோட்டை, இவங்க சண்டையை விடு. எனக்குச் சில விஷயம் சொல்லு. காலையில எழுந்ததும் கை இறுக்கம் விட எவ்வளவு நேரம் ஆகுது? ரெண்டு கையிலயுமா, ஒரு கையிலயா? விரல்ல எந்தக் கணு: நகத்துக்குப் பக்கத்துக் கணுவா, நடுக்கணுவா, முஷ்டி மடக்கினா மேல தெரியுமே அந்தக் கணுவா? தொட்டா சூடா, மெத்துன்னு இருக்கா? அசதி, லேசாக் காய்ச்சல் இருக்கா?

பதில் வர்ற வரைக்கும் அம்மா கழுத்துல யாரையும் கை வைக்க விடாதே. சும்மா பயமுறுத்தலை. என் பேரைப் பார்த்தாலே தெரியும், சரவாங்கிங்கிற முடக்குவாதத்தோட நான் குடும்பம் நடத்தி ரொம்ப வருஷமாச்சு.

தாமிரபரணிக்கரை (பாளையங்கோட்டை)

அக்கா, அம்மாகிட்ட உக்காந்து கேட்டேன். எழுந்து ஒரு ஒன்றரை மணி நேரம் ஆகுமாம் விரல் மடங்க. சுடுதண்ணியில கையை வச்சாத்தான் கொஞ்சம் விடுதாம். ரெண்டு கையும்தான். நடுக்கணுவும் முஷ்டிக் கணுவும் வீங்கியிருக்கு, மோதிரம் ஏறல. நகத்துப் பக்கம் ஒண்ணும் இல்ல. மத்தியானம் ஆனா படுத்துக்கிடுதாங்க, முன்னாடி அப்படிப் படுக்கிற ஆள் இல்ல. நாங்க வயசுன்னு நெனச்சுக்கிட்டோம்.

கொங்குபிசியோ (ஈரோடு)

நான் பிசியோதெரபிஸ்ட்டுங்க. சரவாங்கிக்காரி அக்கா கேட்டது சரியான கேள்விங்க. ‘மூட்டு வலி’ங்கறது ஒரே நோய் இல்லைங்க. தேய்மானத்துல காலை இறுக்கம் அரை மணிக்குள்ள விட்டுடும், வேலை செய்யச் செய்யத்தான் வலி ஏறும். முழங்கால், இடுப்பு மூட்டு, கட்டை விரல் அடி, நகத்தோரக் கணு எல்லாம் அதோட இடம். சரவாங்கி, அதாவது முடக்குவாதம், உடம்போட எதிர்ப்புச் சக்தியே மூட்டுச் சவ்வைத் தாக்கற நோய். ரெண்டு பக்கமும் வரும், முஷ்டிக் கணு, நடுக்கணு, மணிக்கட்டு வீங்கும், காலையில ஒரு மணி நேரத்துக்கு மேல இறுக்கம், அசதி. உங்கம்மாவுக்கு முழங்கால்ல ஒண்ணும் கையில இன்னொண்ணுமா இருக்கலாம்ங்க. ஒருத்தருக்கே ரெண்டும் வரும். சிக்குன்குனியாவுக்குப் பின்னாடி வர்ற மூட்டு வலியும் இதே மாதிரி நடிக்கும், அதனால சமீபத்துல காய்ச்சல் வந்துதான்னும் டாக்டர்கிட்டச் சொல்லுங்க.

கழுத்துக்கு வர்றேன். மண்டையோட்டுக்கு அடியில இருக்கற முதல் எலும்பு ஒரு வளையம். ரெண்டாவது எலும்புலருந்து ஒரு முளை மேல நீட்டி அந்த வளையத்துக்குள்ள நிக்கும். தலையை ‘மாட்டேன்’னு ஆட்டறோமே, அது பெரும்பாலும் இந்த முளையைச் சுத்தித்தான். முளை பின்னால சாஞ்சு தண்டுவடத்துல இடிக்காம ஒரு நார் குறுக்க பிடிச்சுட்டிருக்கு. முடக்குவாதம் அந்த இடத்துச் சவ்வுலயும் வீக்கத்தைக் கொண்டுபோய் நாரைத் தளர்த்தி, முளையையே அரிக்கும். கழுத்தைக் குனிய வச்சு எடுக்கற எக்ஸ்ரேல வளையத்துக்கும் முளைக்கும் நடுவுல இடைவெளி 3 மில்லிமீட்டரைத் தாண்டினா பெரியவங்களுக்கு அது சரியில்லைங்க. அந்தக் கழுத்தைப் போய் வெடுக்குனு திருப்பினா என்ன ஆகும்னு நான் எழுத வேண்டியதில்லை. புதுசா நோய் வந்தவங்களுக்கு இது குறைவு, வருஷக்கணக்கா சரியா மருந்தெடுக்காம விட்டவங்களுக்குத்தான் அதிகம். ஆனா எக்ஸ்ரே பார்க்காம திருப்பறவருக்கு அது எப்படித் தெரியும்?

கைரோபிராக்டிக்குக்கு உலக சுகாதார நிறுவனம் 2005-ல் போட்ட வழிகாட்டியிலயே, எந்தெந்த நிலையில திருப்பக் கூடாதுன்னு நீளமாப் பட்டியல் இருக்கு. நிலையில்லாத கழுத்து மூட்டு, எலும்பு முறிவு, கட்டி, கிருமித் தொற்று எல்லாம் அதுல வருது. நல்லாப் படிச்ச கைரோபிராக்டருக்கு இது முதல் பாடம்ங்க.

ஈஎஸ்ஆர், சிஆர்பி, ஆர்ஏ ஃபேக்டர், ஆன்டி சிசிபி, இந்த நாலு ரத்தப் பரிசோதனையும் எடுத்துட்டு ருமட்டாலஜி, அதாவது வாத நோய் டாக்டரைப் பாருங்க. எலும்பு டாக்டர் வேற, ருமட்டாலஜி வேற.

சரவாங்கிக்காரி (சென்னை)

ஆர்ஏ ஃபேக்டர் மட்டும் எடுத்து ‘நெகட்டிவ், ஒண்ணும் இல்ல’ன்னு அனுப்பிடுவாங்க, அதுல ஏமாறாதே. அது நெகட்டிவா இருந்தும் நோய் இருக்கிறவங்க நிறையப் பேர். சென்னையில மெட்ராஸ் மெடிக்கல் காலேஜ்ல ருமட்டாலஜிக்குன்னே தனித் துறை ரொம்ப காலமா இருக்கு, வேலூர் சிஎம்சியிலயும் இருக்கு. உங்க பக்கமே டாக்டர் கிடைச்சா அலைய வேண்டாம்.

இன்னொண்ணு. யாராவது ‘நாட்டு மருந்துப் பொடி, மூணே நாள்ல வீக்கம் வத்தும்’னு கொடுத்தா வாங்காதே. உண்மையான சித்த மருந்து அப்படி மூணு நாள்ல வேலை செய்யாது. வத்துச்சுன்னா அதுல ஸ்டீராய்டு பொடிச்சுக் கலந்திருக்கான்னு அர்த்தம். மூஞ்சி உப்பி, சுகர் ஏறி, எலும்பு பொரபொரத்துப் போய் வந்தவங்களை வார்டுல பார்த்திருக்கேன்.

மதுர_மாறன் (மதுரை)

சரி, சரவாங்கின்னா வேண்டாம், ஒத்துக்கிறேன். ஆனா இதைச் சாக்கா வச்சு மொத்த வைத்தியத்தையும் மட்டம் தட்டுறீங்க பாருங்க, அதுதான் எனக்குப் பிடிக்கல. ஆயிரக்கணக்கான பேரு பலன் இல்லாமலா போறான்? இங்கிலீஷ் டாக்டர்ட்ட போனா அஞ்சு நிமிஷம், முகத்தைக்கூடப் பார்க்காம மாத்திரை, கடைசியில ‘மூட்டு மாத்தணும்’. இவங்க முக்கால் மணி நேரம் உக்காந்து கேக்குறாங்க, தொட்டுப் பாக்குறாங்க. அதுக்கே பாதி வலி போயிரும்.

முரண்தொடை

கடைசி வரியில நீங்களே விஷயத்தைச் சொல்லிட்டீங்க :)

ஆனா நியாயமாப் பேசுவோம். சாதாரண இடுப்பு வலிக்கு முதுகெலும்பைத் திருப்புறதுல கொஞ்சம் பலன் இருக்குன்னு ஆய்வுகள் இருக்கு. அமெரிக்க மருத்துவர் கல்லூரி 2017-ல் போட்ட வழிகாட்டியில, மாத்திரைக்கு முன்னாடி செஞ்சு பார்க்கலாம்னு சொல்ற முறைகள்ல அதுவும் ஒண்ணு. ஆதாரம் வலுவானதில்லன்னும் அதுலயே எழுதியிருக்காங்க. 2019-ல் வந்த பெரிய தொகுப்பு ஆய்வு, நாள்பட்ட இடுப்பு வலிக்கு மத்த நல்ல சிகிச்சைகள் எவ்வளவு வேலை செய்யுமோ அவ்வளவு இதுவும் செய்யும்னு சொல்லுது. கூடுதல் இல்ல, குறைவும் இல்ல. நான் திட்டுறது இடுப்பு வலியிலிருந்து எகிறிக் குதிச்சு ‘வாதம், காது, சுகர், எல்லாத்துக்கும் முதுகெலும்பு’ன்னு போறதைத்தான்.

வளையாமுதுகு (திருச்சி)

இடுப்பு வலி பத்தி மாறன் சொன்னதால ஒண்ணு சேர்க்கிறேன். எல்லா இடுப்பு வலியும் சாதாரண வலி இல்ல. எனக்கு இருபத்தி சொச்சம் வயசுல ஆரம்பிச்சது. படுத்தா கூடும், நடந்தா குறையும். விடியற்காலை மூணு மணிக்கு வலியில முழிப்பு வந்து எழுந்து ஹால்ல நடப்பேன். ‘டிஸ்க்’னு சொல்லிச் சொல்லியே பல வருஷம் போச்சு. கடைசியில எச்எல்ஏ பி27ங்கிற மரபணுப் பரிசோதனை பாசிட்டிவ், ஆங்கிலோசிங் ஸ்பாண்டிலைட்டிஸ். முதுகெலும்பு ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிற வாதம்.

ஒட்டிப்போன முதுகு பார்க்கக் கல்லு மாதிரி இருந்தாலும் உள்ளுக்குள்ள எலும்பு மெலிஞ்சு போயிருக்கும். சின்ன விழுதல்லயே உடையும். அமெரிக்க ருமட்டாலஜி அமைப்புகள் 2015-லயும் 2019-லயும், முதுகு ஒட்டினவங்களுக்கும் எலும்பு ரொம்ப மெலிஞ்சவங்களுக்கும் வேகமாத் திருப்புற சிகிச்சை கூடவே கூடாதுன்னு அழுத்தமா எழுதியிருக்காங்க. நாப்பது வயசுக்குள்ள வந்து, மூணு மாசத்துக்கு மேல இருந்து, ஓய்வெடுத்தா கூடுற இடுப்பு வலின்னா முதல்ல இதைப் பாருங்க. எனக்கு நீச்சலும் தினசரி நீட்டிப் பயிற்சியும் ஊசியும்தான் வண்டியை ஓட்டுது.

குமரிவர்மம் (நாகர்கோவில்)

கைரோபிராக்டிக்கைச் சொல்லும்போது நம்ம ஊர் முறைகளையும் சேர்த்து அடிக்காம இருங்க. எங்க பக்கம் வர்ம ஆசான்மார் உண்டு. சித்த மருத்துவத்துல தொக்கணம், அதாவது கையால தடவிப் பிடிச்சு விடுற முறை உண்டு. முறையாப் படிச்ச ஆசான் நாடி பார்த்து, நீரேற்றம் இருக்கான்னு பார்த்துதான் கை வைப்பார். சூடா வீங்கின மூட்டுல தடவவே மாட்டார். இப்ப என்னன்னா, சலூன்ல முடி வெட்டின கையோட தலையைப் பிடிச்சு ரெண்டு பக்கமும் திருகி நெட்டி எடுக்கான், அதை யாரும் கேக்கல.

கொங்குபிசியோ (ஈரோடு)

ஐயா சொல்றது நூத்துக்கு நூறு. சலூன் நெட்டியை நானும் சேர்த்துத்தான் சொல்றேங்க. கழுத்தெலும்புல இருக்கற ஓட்டை வழியாத்தான் மூளைக்குப் போற ரெண்டு ரத்தக்குழாய் ஏறுது. வேகமாத் திருகும்போது அதோட உள்சுவர் கிழிஞ்சு, பக்கவாதம் வரலாம். அபூர்வம்தான், ஆனா வந்தவங்க பெரும்பாலும் சின்ன வயசுக்காரங்க.

வர்மமோ தொக்கணமோ கைரோவோ, நான் கேக்கறது ஒண்ணுதான்: கை வைக்கறதுக்கு முன்னாடி என்ன வாதம்னு பார்த்தாங்களா? பார்க்காம எல்லாருக்கும் ஒரே திருப்புன்னா அங்க போக வேண்டாம்.

வடலி (ஸ்கார்பரோ)

எல்லாருக்கும் வணக்கம். நான் கனடாவில இருந்து எழுதுறன். இஞ்சத்தை நிலைமை கொஞ்சம் வேறை. ஒன்ராறியோவில கைரோபிராக்டர் எண்டால் சட்டத்துக்குள்ள வாற தொழில். அவைக்கெண்டு ஒழுங்குமுறைச் சபை இருக்கு, முறைப்பாடு குடுக்கலாம். ரொறன்ரோவில 1945இல துவங்கின கல்லூரியில நாலு வருசம் படிக்கினம், அதுக்கு முதல் பல்கலைக்கழகமும் போயிருக்கோணும். மருந்து எழுதேலாது, எக்ஸ்ரே எடுக்கலாம். முந்தி அரசாங்கக் காப்புறுதி கொஞ்சம் கட்டினது, 2004இல நிப்பாட்டிப் போட்டினம். இப்ப வேலைத்தலக் காப்புறுதியில வருசத்துக்கு இவ்வளவு எண்டு இருக்கும். மார்கழி வந்தால் அந்தக் காசு வீணாப் போகக்கூடாதெண்டே எங்கட சனம் வரிசையில நிக்கும், நோவு இருக்கோ இல்லையோ.

எங்கட வீட்டில இவருக்கு முழங்கால் தேய்மானம். குடும்ப வைத்தியர் பாத்து, ரத்தமும் எக்ஸ்ரேயும் எடுத்து, வேறை வாதம் இல்லையெண்டு உறுதி செய்த பிறகுதான் கைரோபிராக்டரிட்டைப் போனவர். அந்தப் பிள்ளை இவற்றை முழங்காலை முறிக்கவும் இல்லை, முதுகைத் திருப்பவும் இல்லை. ‘கிளாட்’ எண்டு ஒரு பயிற்சித் திட்டத்தில சேத்து விட்டவ. டென்மார்க்கில 2013இல துவங்கினது, இஞ்ச பிசியோக்காரரும் கைரோக்காரரும் நடத்தீனம். ரெண்டு வகுப்பில நோயை விளங்கப்படுத்துவினம், பிறகு கிழமைக்கு ரெண்டு தரமாய் 12 பயிற்சி. கதிரையில இருந்து எழும்புறது, படி ஏறி இறங்குறது, தொடைத் தசையைப் பலப்படுத்துறது, இவ்வளவுதான். இப்ப தேவாலயப் படியில கைபிடிக்காமல் ஏறுறார். நோவு முழுக்கப் போகேல்லை, ஆனால் குளிசை குறைஞ்சிட்டுது.

ரத்தக்குழாய்க் கதையிலும் ஒண்டு சொல்லோணும். ஒன்ராறியோ ஆக்களின்ரை மருத்துவப் பதிவுகளை வைச்சு 2008இல ஒரு பெரிய ஆய்வு வந்தது. 45 வயசுக்குக் கீழ அந்த வகைப் பக்கவாதம் வந்தவை முன்னம் கைரோபிராக்டரிட்டைப் போனது கூடத்தான். ஆனால் குடும்ப வைத்தியரிட்டைப் போனவையிலும் அதே மாதிரிக் கூடவாய் இருந்தது. குழாய் கிழிஞ்சு வாற கழுத்து நோவுக்கே சனம் வைத்தியம் தேடிப் போகுதெண்டு ஆய்வாளர் நினைக்கினம். அதால திருப்பினபடியால்தான் வந்தது எண்டு ஒரேயடியாச் சொல்லேலாது. திருப்புறது பயமில்லாதது எண்டும் சொல்லேலாது. புதுசா வந்த, வழமையில்லாத கழுத்து நோவெண்டால் கை வைக்கிறவர் வைக்காமல் விடோணும்.

தாமிரபரணிக்கரை (பாளையங்கோட்டை)

வடலி அக்கா, இந்த ஊர்ல அப்படி ஏதும் சபை இருக்கா? யார்கிட்ட கேட்டு உறுதி பண்றது?

கொங்குபிசியோ (ஈரோடு)

இந்தியாவுல அலோபதிக்கும் சித்தாவுக்கும் ஓமியோபதிக்கும் இருக்கற மாதிரி கைரோபிராக்டிக்குக்குன்னு தனிச் சட்டமோ பதிவுக் கவுன்சிலோ கிடையாதுங்க. வெளிநாட்டுல முழுசாப் படிச்சுட்டு வந்தவங்க சில பேர் இருக்காங்க. பிசியோ முடிச்சுட்டு மூட்டுச் சிகிச்சையில மேல்பயிற்சி எடுத்தவங்க இருக்காங்க. வாரக் கடைசிப் பயிற்சி ஒண்ணு முடிச்சுட்டு போர்டு மாட்டினவங்களும் இருக்காங்க. மூணு பேரோட போர்டுலயும் ஒரே வார்த்தைதான். அதனால எங்க படிச்சீங்க, எத்தனை வருஷம்னு நேராக் கேளுங்க. கேட்டா கோவிச்சுக்கறவர்கிட்ட முதுகைக் கொடுக்காதீங்க.

முரண்தொடை

வடலி சொன்ன அனுபவத்துல எனக்கு முரண்பாடே இல்ல. ஆனா கவனிங்க, அங்க வேலை செஞ்சது பயிற்சி. அதைக் கைரோபிராக்டர் சொல்லிக் கொடுத்தா என்ன, பிசியோ சொல்லிக் கொடுத்தா என்ன? 2019-ல் அமெரிக்க ருமட்டாலஜிக் கல்லூரி, முழங்கால், இடுப்பு மூட்டுத் தேய்மானத்துக்கு உடற்பயிற்சி, எடைக் குறைப்பு, கைத்தடி இதெல்லாம் அழுத்தமாப் பரிந்துரைச்சது. பயிற்சியோட கைச்சிகிச்சையையும் சேர்க்கிறதுக்கு ஆதாரம் போதாதுன்னு, ‘வேண்டாம்’ பக்கம்தான் லேசாச் சாஞ்சது. நம்ம வீடுகள்ல டப்பா டப்பாவா வாங்குற குளுக்கோசமைனையும் அழுத்தமா வேண்டாம்னு சொல்லிருச்சு. பிரிட்டன்ல மருத்துவ வழிகாட்டி போடுற நைஸ் அமைப்பு 2022-ல் கொஞ்சம் தாராளம்: பயிற்சியோட சேர்த்துன்னா கைச்சிகிச்சை கொடுக்கலாம், தனியா இல்ல.

கொங்குபிசியோ (ஈரோடு)

இதுல நான் முரண்தொடை சாரோட கொஞ்சம் மாறுபடறேங்க. கைக்கு ஒரு வேலை உண்டு. 2020-ல் அமெரிக்க ராணுவ மருத்துவமனைகள்ல 156 பேரை வச்சு நடந்த ஆய்வுல, முழங்கால் தேய்மானத்துக்கு ஸ்டீராய்டு ஊசி போட்டவங்களைவிட பிசியோ எடுத்தவங்க ஒரு வருஷம் கழிச்சு நல்லா இருந்தாங்க. அந்தப் பிசியோவுல பயிற்சியோட கையால மூட்டை மெதுவா அசைச்சுக் கொடுக்கறதும் இருந்துச்சு. வேகமா வெடுக்குனு இல்லை, மெதுவா. இறுகின முழங்காலை அப்படி அசைச்சுக் கொடுத்தா ஒரு மணி நேரமோ ஒரு நாளோ வலி குறையும். அந்த நேரத்துல பயிற்சி செய்ய வைக்கணும். அதுக்குத்தான் கை. வெறும் கையை மட்டும் வச்சு அனுப்பிட்டா அடுத்த வாரம் அதே வலியோட திரும்பி வருவாங்க. பேக்கேஜ் ஓடறதே அதுலதானுங்க.

வலி மாத்திரையால வயிறும் கிட்னியும் கெடும்னு மாறன் சொன்னதுக்கு: தேய்மானத்துக்கு முதல்ல வலிநிவாரணி களிம்பைத் தடவிப் பாருங்க, டைக்ளோஃபினாக் ஜெல் மாதிரி. முழங்கால்ல அது மாத்திரைக்குப் பக்கத்துல வேலை செய்யும், வயித்துக்கும் கிட்னிக்கும் ஆபத்து ரொம்பக் குறைவு. உடம்பு எடை ஒரு கிலோ குறைஞ்சா ஒவ்வொரு அடிக்கும் முழங்கால்மேல விழற பாரம் நாலு கிலோ குறையும், இது அளந்து பார்த்த கணக்கு. கைத்தடியை வலிக்கற காலுக்கு எதிர்ப் பக்கக் கையில பிடிக்கணும். நம்மாளுங்க முக்கால்வாசிப் பேர் அதே பக்கம் பிடிக்கறாங்க. தரையில சம்மணம், இந்தியன் கக்கூஸ், குத்துக்கால் போட்டுக் காய் நறுக்கறது மூணையும் வலி கூடின நாள்ல விட்டுடணும். இறுக்கத்துக்குச் சுடுதண்ணி ஒத்தடம், சூடா வீங்கினா ஐஸ்.

மட்டுறுத்துநர்

நல்ல விவாதம். சென்டர் பேர், டாக்டர் பேர், போன் நம்பர் இங்கே போட வேண்டாம். ரெண்டு பதிவை அதுக்காகத்தான் நீக்கினேன். மருத்துவ அறிக்கை போட்டோ போடுறவங்க நோயாளி பேரை மறைச்சுப் போடுங்க.

தாமிரபரணிக்கரை (பாளையங்கோட்டை)

டாக்டரைப் பார்த்தாச்சு. ஈஎஸ்ஆர், சிஆர்பி ரெண்டும் கூடுதல். ஆர்ஏ ஃபேக்டர் நெகட்டிவ், ஆன்டி சிசிபி நல்ல பாசிட்டிவ். அக்கா சொல்லலன்னா அந்த நெகட்டிவைப் பார்த்துட்டு வீட்டுக்கு வந்திருப்போம். முடக்குவாதம்னு உறுதியாச் சொல்லிட்டாங்க. முழங்கால்ல இருக்கிறது தேய்மானம்தான், அது தனி. கழுத்தைக் குனிய வச்சும் நிமிர வச்சும் எக்ஸ்ரே எடுத்தாங்க, இடைவெளி சரியாத்தான் இருக்கு, இப்போதைக்குப் பயம் இல்லன்னாங்க. ஆனாலும் திருப்புற வேலை எதுவும் கழுத்துப் பக்கம் வேண்டாம், எப்பவுமேன்னு எழுதியே கொடுத்துட்டாங்க.

மெத்தோட்ரெக்சேட் ஆரம்பிச்சிருக்காங்க. கூட ஃபோலிக் ஆசிட். அம்மா முகம்தான் வாடிப்போச்சு, “ஒரு சொடக்குல போறதுக்கு வாழ்நாள் பூரா மாத்திரையா”ன்னு.

சரவாங்கிக்காரி (சென்னை)

மெத்தோட்ரெக்சேட் வாரத்துக்கு ஒரு நாள். ஒரே ஒரு நாள். இதை வீட்டுல எல்லார்கிட்டயும் சொல்லு, மருந்துக்கடைக்காரர்கிட்டயும் சொல்லு. தினம் போட்டா ரத்த அணுக்கள் விழுந்து உயிருக்கே ஆபத்து. மத்த மாத்திரையோட ஒரே டப்பாவுல வைக்காதே. அட்டை மேல கிழமையை ஸ்கெட்ச் பேனாவால எழுது. ஃபோலிக் ஆசிட் டாக்டர் சொன்ன நாள்ல. ரத்தம், லிவர், கிட்னி டெஸ்ட் சொன்ன தேதிக்கு எடுக்கணும், நல்லாத்தானே இருக்குன்னு தள்ளிப் போடாதே. காய்ச்சல், வாய்ப்புண் வந்தா அந்த வாரத்து மாத்திரையைப் போடறதுக்கு முன்னாடி டாக்டருக்குப் போன். சளிக்கோ யூரின் தொற்றுக்கோ வேற டாக்டர்கிட்டப் போனா இந்த மாத்திரை எடுக்கறதைச் சொல்லணும்; செப்ட்ரான் வகை ஆன்டிபயாடிக் இதோட சேரவே கூடாது.

பலன் தெரிய ஆறு வாரத்துலருந்து மூணு மாசம் ஆகும். அதுவரைக்கும் அம்மா ‘இதுவும் கேக்கல’ன்னு நிறுத்தப் பார்ப்பாங்க, விடாதே. அம்மாகிட்ட இதையும் சொல்லு: எங்க தலைமுறைக்கு முன்னாடி இந்த நோய் வந்தவங்க கை கோணி, மணிக்கட்டு சாஞ்சு போயிருப்பாங்க. நான் நேத்து முறுக்குப் பிழிஞ்சேன்.

தாமிரபரணிக்கரை (பாளையங்கோட்டை)

சொல்லிட்டேன்க்கா. முறுக்கு விஷயம்தான் அம்மாவுக்குப் பிடிச்சது. ஞாயித்துக்கிழமைன்னு எழுதி வச்சாச்சு. அந்த சென்டர்லருந்து தள்ளுபடி முடியப் போகுதுன்னு இன்னும் போன் வருது. அம்மாவுக்கு யாராவது தடவி விட்டாத் தேவலைன்னு இருக்கு. எண்ணெய் தேய்க்கலாமா?

கொங்குபிசியோ (ஈரோடு)

தோள்பட்டை, முதுகுத் தசை, கெண்டைக்கால்ல இளஞ்சூடா எண்ணெய் தடவி மெதுவாப் பிடிச்சு விடலாம்ங்க, வீட்டாளுங்களே செய்யலாம். வீங்கிச் சூடா இருக்கற கணுமேல அழுத்தித் தேய்க்கக் கூடாது. கழுத்துல தடவறதோட சரி, திருப்பறது இல்லை. கையில மரத்துப் போறது, குனிஞ்சா முதுகுல ஷாக் அடிக்கற மாதிரி ஓடறது, நடை தள்ளாடறது, மூத்திரம் கட்டுப்படாமப் போறது, இதுல எது வந்தாலும் அன்னைக்கே ஆஸ்பத்திரி.

வீக்கம் வத்தினதும் விரல் பயிற்சி, முழங்காலுக்குத் தொடைத் தசைப் பயிற்சி ஆரம்பிக்கலாம். ரெண்டு நோய்க்கும் அது பொது.

மதுர_மாறன் (மதுரை)

நான் இன்னமும் என் ஆள்கிட்ட இடுப்புக்குப் போகத்தான் போறேன், சொல்லிட்டேன். ஆனா சலூன் நெட்டியை விட்டாச்சு. போன வாரம் அவர்கிட்டயே ‘கழுத்தைத் திருப்ப வேண்டாம்’னேன், சரின்னுட்டார், ஒண்ணும் கோவிக்கல. பிசியோ மேடம், எனக்கு 44 வயசு, படி இறங்கும்போது முழங்கால் லேசாப் பிடிக்குது. அந்த டென்மார்க் பயிற்சி மதுரையில எங்கயும் இருக்கா?

கொங்குபிசியோ (ஈரோடு)

அந்தப் பேர்ல தேட வேண்டாம்ங்க. கை வைக்காத நாற்காலியில உக்காந்து, கையை நெஞ்சுல கட்டிட்டு, மெதுவா எழுந்து அதைவிட மெதுவா உக்காருங்க. முழங்கால் பாதத்து விரலுக்கு நேரா இருக்கணும், உள்பக்கம் சாயக் கூடாது. பத்துப் பத்தா ரெண்டு முறை, வாரத்துல மூணு நாள். செய்யும்போது கொஞ்சம் வலிச்சாப் பரவாயில்லை, மறுநாள் காலைக்குள்ள அடங்கிடணும். அடங்கலைன்னா நாற்காலி மேல தலையணை போட்டு உயரத்தைக் கூட்டுங்க. ஆறு வாரம் செஞ்சுட்டு இங்கயே எழுதுங்க. பைக்ல ஹெல்மெட் போடறீங்களா?

மதுர_மாறன் (மதுரை)

போடுறேன் மேடம், போடுறேன்.